கண்ணாடி ஓரத்துச் சிமென்ட்

‘கேட்பாரற்ற பொருள் எதுவும் பெறப்பட்ட நிலையிலேயே பாதுகாக்கப்பட வேண்டும். உரிமைக் கோரிக்கை நிலுவையில் உள்ள பொருளை ஏலத்தில் விடலாகாது.’

நம் அலுவலகக் கையேட்டில் இந்த விதி இன்னும் இருக்கிறது. வேலையில் சேர்ந்த வாரமே இதைப் படித்துவிட்டதாக நீங்கள் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். படித்தீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. ஓய்வு பெற்றவனுக்கு விளக்கம் கேட்கும் அதிகாரம் கிடையாது.

பேருந்தில் விட்டுப்போன பெட்டி, ஆள் துணையில்லாமல் இறந்தவரின் மோதிரம், கடற்கரையில் கிடந்த மூக்குக்கண்ணாடி என ஊரில் யாருக்கும் சொந்தமில்லாதவை எல்லாம் நம் பாதுகாப்பறைக்கு வந்து சேர்கின்றன. அந்த அறைக்கு நான் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முன் என் கைக்கடிகாரங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. கொஞ்சம் பொறுமையாக இருங்கள். உங்கள் அகவிலைப்படி உத்தரவுக்குக் காத்திருப்பதைவிட இது சீக்கிரம் முடிந்துவிடும்.

முதல் சம்பளத்தில் எல்லோரும் வாங்கியதைத்தான் நானும் வாங்கினேன். அரசுத் தொழிற்சாலையில் செய்த, தினமும் சாவி கொடுக்க வேண்டிய கடிகாரம். வெள்ளை முகம், கறுப்பு முள். இரண்டாண்டில் அது எனக்குச் சலித்துவிட்டது. எழுத்தராக இருப்பவனுக்கு எழுத்தர் கடிகாரம் எப்படிப் பிடிக்கும்? தங்க முலாம் பூசியது ஒன்று வாங்கினேன். பிறகு கிழமையும் தேதியும் காட்டுவது. பிறகு இருட்டில் பச்சையாக ஒளிர்வது. தங்க முலாமைக் கட்டிக்கொண்டு முதன்முதலாகக் கிளம்பிய நாளில் என் மனைவி வாசல்வரை வந்து பார்த்தாள். “கல்யாண மண்டபத்துல பன்னீர் தெளிக்கப் போறீங்களா?” என்றாள். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து வெளிநாட்டு மோகம். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த பாண்டிச்சேரிக் குடும்பங்கள் ஜூலை, ஆகஸ்டில் விடுமுறைக்கு வந்து இறங்குவார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒரு முன்னாள் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், இருந்தார். அவர் வீட்டுக்குப் பாரீசிலிருந்து பிள்ளைகள் வந்தால் நானும் போய் நலம் விசாரிப்பேன். பார்வை மட்டும் அவர்கள் மணிக்கட்டில் இருக்கும். ஒருமுறை அந்தப் பிள்ளை பொறுக்க மாட்டாமல், “முசே, மணி நாலரை” என்று அவனாகவே சொல்லிவிட்டான்.

அப்புறம்தான் பழைய கடிகாரம் விற்கும் பாயைக் கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியின் நடைபாதை முழுக்கச் சந்தையாகிவிடும். சட்டைகள், செருப்புகள், பிளாஸ்டிக் குடங்கள் எல்லாவற்றையும் தாண்டினால் ஒரு நீல விரிப்பில் பழைய கடிகாரங்களைப் பரப்பிக்கொண்டு பாய் உட்கார்ந்திருப்பார். மற்ற நாட்களில் முதலியார்பேட்டையில் தன் வீட்டு முன்னறையிலேயே பழுது பார்ப்பார். என்னுடைய பத்தாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த நீல விரிப்பின் ஓரத்தில் குந்தியபடியே கழிந்தன. வாங்கியவற்றை அப்படியே எடுத்துவர மாட்டேன். உலோக உறையைத் தேய்த்துப் பளபளப்பாக்கச் சொல்வேன், மங்கிய எண்களை அழித்துப் புதிதாக எழுதச் சொல்வேன், கண்ணாடியை மாற்றச் சொல்வேன். பாய் செய்து தருவார். மழை பெய்த நாட்களிலும் போயிருக்கிறேன். தார்ப்பாயின் அடியில் இருவரும் ஒண்டிக்கொண்டு, ஒரே டீயை இரண்டு குவளையில் ஊற்றிக் குடித்தபடி, விற்காத கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருப்போம். அவற்றின் டிக்டிக் ஒன்றோடொன்று பொருந்தாமல் மழையோடு சேர்ந்து கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு முறை கண்காணிப்பாளராக இருந்துவிட்டுப் போகலாம்.

இரண்டாயிரம் பிறந்ததும் ஒரு விடுமுறை நாளில் மொத்தச் சேகரிப்பையும் கட்டில் விரிப்பின் மேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை போலப் பளபளத்தன. சுவிட்சர்லாந்தும் பாரீசும் பெங்களூரும் ஒரே முகமாகிவிட்டன. ஒன்று மட்டும் பாயிடம் கொடுக்க நேரமில்லாமல் அழுக்காகக் கிடந்தது. அதன் சாவித் திருகுக்குப் பக்கத்தில், உறையின் விளிம்பு லேசாகக் குழிந்திருந்தது. யாரோ ஒருவர் பல வருடங்கள் காலையில் எழுந்ததும் கட்டைவிரல் நகம் பட பட அதற்குச் சாவி கொடுத்திருக்கிறார். அவர் யார் என்று தெரியாது. ஆனால் ஒருவர் இருந்திருக்கிறார் என்று அந்தக் குழி சொன்னது. மற்றவற்றில் யாருமே இல்லை. இருந்தவர்களையும் நான் காசு கொடுத்து அழித்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு பாயிடம், “இனிமே கழுவாம குடுங்க, தேய்க்காம குடுங்க” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சம்பளம் போடலையா சார்?” என்றார்.

இனி அலுவலகத்துக்கு வருவோம். சில ஆண்டுகள் கழித்து ஒரு மார்ச் மாதம். நிதியாண்டு முடிவதற்குள் பாதுகாப்பறையைக் காலி செய்து ஏலம் விடும்படி இயக்குநர் உத்தரவிட்டிருந்தார். அந்த ஆண்டு மழையில் அறையின் கூரை ஒழுகி, பொருள்களில் கட்டியிருந்த அடையாள அட்டைகள் பல ஊறி, எழுத்து கரைந்து போயிருந்தன. எது யாருடையது என்று சொல்ல முடியாத பொருள்களில் சில கைக்கடிகாரங்களும் இருந்தன. அவற்றில் ஒன்றைக் கையில் எடுத்தேன். பழைய பிரெஞ்சுக் கடிகாரம். நொடி முள்ளுக்குத் தனியாகக் கீழே ஒரு சிறு வட்டம். காந்தி வீதியில் நான் வருடக்கணக்காகத் தேடி அலைந்தது, என் அறையிலேயே தூங்கியிருக்கிறது. ஊழியரோ அவர் குடும்பத்தாரோ ஏலம் கேட்கக் கூடாது என்பது விதி. இயக்குநர் சிரித்துக்கொண்டே, “உங்க மச்சான் யாரும் கிடையாதா?” என்றார். இருந்தார்கள். இல்லை என்றேன். அதை ஒரு விடுதிக்காரர் எடுத்துப்போய்த் தன் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். அது ஓடவில்லை, விருந்தினர்களும் அதைப் பார்த்து நேரம் கேட்பதில்லை. போகட்டும்.

அந்த ஏலத்துக்கு இன்னும் சில நாட்கள் இருக்கும்போதே செல்வி வந்தாள். பாகூர்ப் பக்கத்துக் கிராமம். முப்பது வயது இருக்கும். சித்தாள் வேலை. கொத்தனாரான அவள் அப்பா வேலை தேடிக் கடலூருக்குப் போன வழியில் பேருந்து நிறுத்தத்தில் விழுந்து இறந்திருக்கிறார். கையில் முகவரி எதுவும் இல்லாததால் கேட்பாரற்றவர் என்று அடக்கம் செய்துவிட்டார்கள். குடும்பம் மாதக்கணக்கில் தேடி, கடைசியில் காவல் நிலையத்தில் ஒரு புகைப்படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. வேட்டியும் சட்டையும் விதிப்படி அழிக்கப்பட்டிருந்தன. கைக்கடிகாரம் மட்டும் நம்மிடம் அனுப்பப்பட்டதாக அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

“அம்மா கேக்குது சார். மொகத்தையும் பாக்கல, ஒண்ணுமே வரல. அந்த வாட்ச்சாவது வருமான்னு.”

“அடையாளம் ஏதாச்சும் சொல்லும்மா.”

“வெள்ளையா இருக்கும். முள்ளு கறுப்பு. எங்கம்மா வீட்ல கல்யாணத்துக்குப் போட்டது.”

என் முதல் சம்பளக் கடிகாரமும் அதேதான். சுற்று வட்டாரத்தில் ஒரு தலைமுறை மாப்பிள்ளைகள் அனைவருக்கும் போடப்பட்டதும் அதே. பாதுகாப்பறை எழுத்தர் குணசேகரனைக் கூப்பிட்டேன். எங்களிடம் அந்த மாதிரி மூன்று இருந்தன. அவர் தட்டில் இரண்டைக் கொண்டுவந்து வைத்தார்.

செல்வி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “எல்லாம் ஒண்ணாத்தானே இருக்குது” என்றாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

குணசேகரன் நல்ல மனிதர். ஆனால் வேலையை முடிப்பதில் அவருக்கு ஆசை அதிகம். என் காதருகே குனிந்து, “சார், ஏதோ ஒண்ணக் குடுத்து அனுப்பிடலாம். அதுவும் சந்தோஷமாப் போகும், நமக்கும் ஒண்ணு குறையும்” என்றார்.

செல்விக்குக் காது நன்றாகவே கேட்டது. “அடுத்தவன் வாட்ச்ச வாங்கினு போயி அம்மாகிட்ட எங்கப்பாதுன்னு சொல்லணுமா? அதுக்குக் கடையிலயே வாங்கியிருக்க மாட்டேனா? பஸ்ஸுக்குக் குடுத்த காசாவது மிஞ்சியிருக்கும்.”

குணசேகரன் தட்டை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார்.

இளைஞர்களே, இந்த இடத்தில் நீங்கள் என்ன கேட்பீர்கள்? வாங்கிய ரசீது இருக்கிறதா, உள்ளே எண் பொறித்திருக்கிறதா, பட்டை என்ன நிறம் என்றெல்லாம் கேட்பீர்கள். முறையான கேள்விகள். நானும் கேட்டேன். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. பொருள் எப்படி இருக்கும் என்று கேட்டுக் கேட்டு முட்டிக்கொண்டு நின்றபோது, கட்டில் விரிப்பில் பார்த்த அந்த நகக் குழி எனக்கு நினைவு வந்தது.

“அப்பா இத எப்படிம்மா கட்டுவாரு?” என்று கேட்டேன்.

“எப்படின்னா? கையிலதான்.”

“கையில எங்க?”

அவள் இடது கையைத் திருப்பி மணிக்கட்டின் உட்பக்கத்தைக் காட்டினாள். “இந்தப் பக்கம் கட்டும். தளத்துக்கு அடியில பூசும்போது கைய மேல தூக்கினுதானே நிக்கணும்? அப்ப உள்பக்கம்தான் மூஞ்சிக்கு நேரா வரும். மணி பாத்துக்கலாம்னு சொல்லும்.” சொல்லும்போதே இரண்டு கைகளையும் உயர்த்தி, இல்லாத கூரைக்குக் கலவை பூசிக் காட்டினாள்.

கை உயர்ந்திருக்கிறது. கடிகாரம் உட்பக்கம். மேலேயிருந்து கலவை சிதறுகிறது. அது எங்கே விழும்? கண்ணாடியின் மேல்தான் விழும். கண்ணாடியைத் துடைத்துவிடலாம். கண்ணாடிக்கும் உறைக்கும் நடுவிலிருக்கும் பள்ளத்தில் இறங்கியதைத் துடைக்க முடியாது. தட்டிலிருந்த இரண்டையும் சாளரத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டின் பள்ளமும் சுத்தமாக இருந்தது.

“மூணாவது எங்க குணசேகரன்?”

“அது வராண்டாவுல இருக்குது சார். ஏலத்துக்கு வர்றவங்க முன்னாடி அழுக்கா வெக்க வேணாம்னு டைரக்டர் சொன்னாரு. ஆள் வெச்சுக் கழுவச் சொல்லியிருக்கேன்.”

அரசு அலுவலகத்தில் ஓடக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. வழக்கம்தான் இல்லை. அன்று நான் ஓடினேன். வராண்டாவின் கோடியில் நாளிதழை விரித்து, ஒரு கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நம் பாய். ஊரில் வேறு யாரைக் கூப்பிட்டிருப்பார் குணசேகரன்? பாயின் இடது கையில் வெள்ளை முகம், வலது கையில் தூரிகை.

“பாய், நிறுத்துங்க!”

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “சார்! நீங்க இந்த ஆபீஸா?” பத்தாண்டுகளாக நாங்கள் கடிகாரம் தவிர வேறெதுவும் பேசிக்கொண்டதில்லை.

“தொடாதீங்க. அப்படியே வைங்க.”

“இது உங்க வாட்ச் இல்லயே சார். கவர்மென்ட் வாட்ச். இதுக்குமா அழுக்கு வேணும்?”

வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டிலிருந்து ஆறு வரை பள்ளம் பளிச்சென்று இருந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஏதோ ஒட்டியிருந்தது. “என்ன பாய் இது?”

“சிமென்ட்டு சார். ஊசி போட்டுத்தான் எடுக்கறேன். எங்கதான் போட்டு எடுத்தானோ.”

கூட வந்த செல்வி என் கையிலிருந்து அதை எடுத்தாள். அப்படி எடுத்துக்கொள்ள அனுமதியில்லை என்று எனக்குத் தெரியும். கண்ணாடி ஓரத்தில் நகத்தை வைத்துச் சுரண்டினாள். “சாயங்காலம் உக்காந்து இப்படித்தான் சுரண்டும். போகவே போகாது” என்றாள். பிறகு பாயைப் பார்த்து, “பாதிய எடுத்துட்டீங்களே” என்றாள். பாய் உருப்பெருக்கியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

இயக்குநர் அவ்வளவு சுலபமாக இளகவில்லை. “சிமென்ட் ஒரு ப்ரூஃபா? பாண்டிச்சேரி பூரா வீடு கட்டறான். எல்லார் வாட்ச்லயும் சிமென்ட் இருக்கும்.”

“உறையில இருக்கும் சார். கண்ணாடியச் சுத்தி இருக்கணும்னா உள்பக்கமா கட்டிக்கிட்டுக் கூரை பூசியிருக்கணும். அந்தப் பொண்ணு வாட்ச்ச பாக்கறதுக்கு முன்னாடியே சொன்னது.”

“வாரிசுச் சான்றிதழ்?”

“அதுக்கு அலையற கூலியில இதுமாதிரி நாலு வாங்கலாம் சார்.”

“அப்ப மேல எழுதுங்க. பதில் வரட்டும். அதுவரைக்கும் ரூம்லயே இருக்கட்டும்.”

மேலே எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் பணிக்காலத்தில் பாதி அதில்தான் கழிந்தது. பதில் வரும் வேகமும் ஒழுகும் கூரையும் எனக்குத் தெரியும் என்பதுதான் சங்கடம். மகள் வெறுங்கையோடு பாகூர் பேருந்தில் ஏறுவாள். அம்மா வாசலைப் பார்ப்பாள். நாம் ‘தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்போம். கையேட்டில் அதே பக்கத்தின் அடியில், யாரும் பயன்படுத்தாத இன்னொரு பத்தி உண்டு. குறைந்த மதிப்புள்ள பொருளை, இறுதி உத்தரவுக்கு உட்பட்டு, சொந்த வீடுள்ள ஒருவரின் பிணையின்பேரில் உரிமை கோருபவரிடம் ஒப்படைக்கலாம். அதற்குக் கண்காணிப்பாளரின் கையெழுத்தே போதும். தவறினால் பதில் சொல்வதும் அதே கண்காணிப்பாளர்தான். ஆகையால்தான் யாரும் பயன்படுத்துவதில்லை. படித்துக் காட்டினேன். இயக்குநர் கையேட்டை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். “உங்க தலை” என்றார். அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

செல்வியின் ஊரில் பிணை நிற்கக்கூடியவர்களைத் தேடிப்போனால் அடுத்த மழையே வந்துவிடும். ஒப்படைக்கும் அதிகாரி பிணை நிற்கக் கூடாது. நான் பாயைப் பார்த்தேன்.

“முதலியார்பேட்டை வீடு உங்க பேர்லதானே பாய்?”

“எதுக்குக் கேக்கறீங்க?”

சொன்னேன். “யாருன்னே தெரியாத பொண்ணுக்காக வீட்ட வெக்கணுமா?” என்றார். செல்வி மிச்சமிருந்த பாதிச் சிமென்ட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். பாய் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வீட்டு வரி ரசீது எடுத்தாரேன். என் பொண்டாட்டிகிட்ட மட்டும் யாரும் சொல்லக் கூடாது” என்று எழுந்தார்.

அன்று மாலையே கடிகாரம் பாகூருக்குப் போனது. மறுநாள் கோரிக்கை மேலே போனது.

முதல் கேள்வி ஆறு மாதம் கழித்து வந்தது: பொருள் அழியக்கூடியதா? இல்லை என்றோம். அடுத்தது: பொருளை நேரில் பார்வையிட்டு நிலையை அறிக்கையிடவும். செல்வியை வரவழைத்தால் பயந்துவிடுவாள் என்று நானே தேடிப்போனேன். மூலக்குளத்தில் வில்லியனூர் சாலையை ஒட்டி வயலெல்லாம் வீடாகிக்கொண்டிருந்த நேரம். ஒரு கட்டடத்தின் சாரத்தில் நின்று அவள் கூரை பூசிக்கொண்டிருந்தாள். அப்பா செத்த பிறகு கொத்துக் கரண்டியை இவளே எடுத்திருக்கிறாள். கூலி கூடுதலாம், மேஸ்திரி முதலில் சிரித்தாராம், பிறகு பூச்சைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாராம். கடிகாரம் மணிக்கட்டின் உட்பக்கம் இருந்தது.

“அம்மா என்ன சொன்னாங்க?”

“ஒரு வாரம் தலமாட்டுலயே வெச்சினு படுத்துச்சு. அப்புறம், ஓடாத வாட்ச்ச வெச்சினு நான் இன்னா பண்ணப்போறேன், கட்டினு வேலைக்குப் போடின்னு குடுத்துடுச்சு. சாவி குடுத்தேன், ஓடுது. ஏன் சார், ஏதாச்சும் பிரச்சினையா?”

“இல்லம்மா. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்.”

“பாய் சுத்தம் பண்ணாரே, அந்தப் பாதியும் இப்ப ரொம்பிடுச்சு” என்று கையைக் கீழே நீட்டிக் காட்டினாள்.

‘பொருள் இயங்கும் நிலையில் உள்ளது’ என்று அறிக்கை எழுதினேன். இயக்குவதற்கு யார் அனுமதித்தது என்று அடுத்த கேள்வி வந்தது. இப்படியே ஓய்வு பெற்றேன். பிரிவுபசாரத்தில் எனக்குத் தங்க முலாம் பூசிய கைக்கடிகாரம் ஒன்று பரிசளித்தார்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

பளபளத்தவற்றை ஒவ்வொன்றாகப் பாயிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் இப்போது இருப்பவை கொஞ்சம்தான், எல்லாமே யாரோ வாழ்ந்து தேய்த்தவை. ஆனால் எத்தனை ஞாயிறு வந்துபோனாலும், அந்தக் கோப்பு முடியாமல் கிடந்தது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மேலிருந்து வேண்டாம் என்று ஒரு வரி வந்தால் போதும். அவள் கையிலிருந்து கழற்ற வேண்டும். இல்லையென்றால் பாயின் வீட்டுக்கு நோட்டீஸ் போகும்.

என் இடத்தில் கண்காணிப்பாளரான குணசேகரன் ஒருநாள் காலை தொலைபேசியில் கூப்பிட்டார். “சார், வந்துடுச்சு! குடுத்துடலாம்னு போட்டிருக்காங்க. பிணையும் ரத்து.” நான் பாயிடம் சொன்னேன். “இப்பவாவது பொண்டாட்டிகிட்ட சொல்லலாமா?” என்று கேட்டார். அன்று பிற்பகலே பாகூர் பேருந்தில் ஏறினேன்.

செல்வி வீட்டு வாசலில் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். “அரசாங்கம் உத்தரவு போட்டுடுச்சும்மா. இன்னையிலேர்ந்து வாட்ச் உன்னோடது” என்றேன். இவ்வளவு காலம் சுமந்த செய்தி.

அவள் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்ப இத்தினி வருஷமா யாருதுன்னு நெனச்சினு இருந்தீங்க?”

உள்ளேயிருந்து அவள் அம்மா, “யாருடி வந்திருக்கறது, காப்பி வெக்கட்டா?” என்று குரல் கொடுத்தாள். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

கோப்பை முடிக்கத் தேதி வேண்டும் என்பீர்கள். பதில் வந்து சேர்ந்தது 2009ஆம் ஆண்டு, மாசி மகத்துக்கு மறுநாள்.